தம்பி டவர் ஏறும் வேலைக்குப் போகிறார்: வீட்டார் என்ன கேட்க வேண்டும்?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்த அவருடைய 21 வயதுத் தம்பியைக் காரைக்குடியில் ஒரு சப்-கான்ட்ராக்டர் செல்போன் டவரில் ரிக்கர் வேலைக்கு, அதாவது டவரில் ஏறி ஆன்டெனா மாட்டுகிற வேலைக்கு, எடுத்திருக்கிறார். "பெல்ட் கொடுத்திருக்காங்க, பயப்படாதே" என்கிறாராம் தம்பி. அம்மாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையில் உண்மையிலேயே என்ன ஆபத்து, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

நான் 2003-இல் ரிக்கராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஏறியவன். அதன் பிறகு இதே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து சைட்டுகளில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். முதலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற குழுவில் இருந்தால், தினமும் முழுசாக வீடு திரும்பலாம். நான் திரும்பியிருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் "பெல்ட் கொடுத்தாங்க" என்பது அதற்குப் போதாது. தம்பியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பெல்ட்டைப் பற்றிக்கூட இல்லை. "இன்னைக்கு ஏற முடியாதுன்னு நீ சொன்னா, உன் கூலி நிக்குமா, போகுமா?" என்று கேளுங்கள். கூலி போகும் என்றால் அந்தக் கான்ட்ராக்டரிடம் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பது கீழே படிக்கப் படிக்கத் தெரியும்.

பெல்ட்டுக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் இரண்டு வேறு பொருளை ஒரே பெயரில் 'பெல்ட்' என்பார்கள். ஒன்று இடுப்பில் மட்டும் கட்டுவது. அதைக் கட்டிக்கொண்டு விழுந்தால் உடம்பின் மொத்த வேகமும் இடுப்பிலும் வயிற்றிலும் போய் நிற்கும். முதுகெலும்பும் உள்ளுறுப்பும் தாங்காது. உயர வேலைக்கு வேண்டியது ஃபுல் பாடி ஹார்னஸ். தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் பிடித்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு இரும்பு வளையம் இருக்கும். தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாங்கிப் பாருங்கள். உள்பக்கத்தில் தைத்த லேபிளில் ஐஎஸ் 3521 அல்லது ஈஎன் 361 என்ற தர எண் இருக்க வேண்டும். தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். லேபிள் கிழிந்து போயிருந்தால், தையல் நூல் பிசிறடித்திருந்தால், நாடா வெயிலில் வெளுத்து மொடமொடவென்று ஆகியிருந்தால், அது பேட்டரி ஆசிட் பட்டதாக இருந்தால், வேண்டாம். ஒருமுறை ஆளை விழாமல் பிடித்த ஹார்னஸ் மறுபடி உதவாது, பார்க்கப் புதிதாக இருந்தாலும் வெட்டிப் போட்டுவிட வேண்டும். அடுத்த ஆளுக்கு யாரும் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டச் சொல்வது.

ஹார்னஸோடு இரண்டு கொக்கி உள்ள கயிறு வரும். டபுள் லேன்யார்டு என்பார்கள். ஒரு கொக்கியை மேலே மாட்டிய பிறகுதான் கீழே உள்ளதைக் கழற்ற வேண்டும். டவரின் அடியிலிருந்து உச்சி வரை, உச்சியிலிருந்து அடி வரை, எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது இரும்பில் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 40 மீட்டர் ஏற நூறு தடவைக்கு மேல் கொக்கி மாற்ற வேண்டியிருக்கும்போது கை சலித்துப்போகும். அனுபவசாலிகள்தான் முதலில் விடுவார்கள். புது ஆள் அவர்களைப் பார்த்து விடுவான். அதனால் நல்ல சைட்டுகளில் ஏணியை ஒட்டி நிரந்தரமாக ஒரு கம்பியோ கயிறோ லைஃப்லைனாகக் கட்டியிருப்பார்கள். அதில் ஃபால் அரெஸ்டர் என்ற பிடிப்பானை மாட்டினால், ஏறும்போது அது கூடவே வரும், சறுக்கினால் கவ்விக்கொள்ளும். தம்பி ஏறப்போகிற டவர்களில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். லேன்யார்டு 2 மீட்டர் நீளம். முதுகு வளையம் பாதத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கால்மட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு சறுக்கினால், கயிறு இறுகும் முன்பே ஆள் மூன்றரை மீட்டர் விழுந்திருப்பான். அப்புறம் கயிற்றோடு இருக்கும் அதிர்ச்சி தாங்கும் பொட்டலம் பிரிந்து நீளும், அது 1.75 மீட்டர் வரை நீளலாம். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தேகால் மீட்டரில் பாதம் நிற்கும். ஒரு மீட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டால் ஆறேகால். டவரின் கீழ்ப்பகுதியில், 'இதென்ன உயரம்' என்று எல்லோரும் அலட்சியமாக இருக்கிற அந்த முதல் ஆறு மீட்டரில், கால்மட்டத்தில் மாட்டிய கொக்கியால் எந்தப் பயனும் இல்லை. கயிறு வேலை செய்யும் முன் தரை வந்துவிடும். தலைக்கு மேல் மாட்டினால் கயிறு இறுகும் முன் விழும் தூரம் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தப் பொட்டலம் எதற்கு என்றால், உடம்புக்கு வரும் இழுப்பைச் சுமார் 600 கிலோ எடைக்குள் கட்டுப்படுத்துவதற்கு. பொட்டலம் இல்லாத வெறும் நைலான் கயிற்றில் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதனால் வெறும் கயிறு கட்டிய பெல்ட் கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று: சும்மா தொங்குகிற இரண்டாவது கொக்கியைச் சிலர் இடுப்புப் பக்கத்து வளையத்தில் மாட்டிவைப்பார்கள். அப்படி மாட்டினால் விழும்போது பொட்டலம் பிரியாமலே போகலாம். அதற்கென்று ஹார்னஸில் தனி இடம் இருக்கிறது, அங்கேதான் மாட்ட வேண்டும்.

கொக்கி மாட்டுகிற இரும்பு, டவரின் காலாக நிற்கும் ஆங்கிளாகவோ முக்கியக் குறுக்கு ஆங்கிளாகவோ இருக்க வேண்டும். கேபிள் ட்ரே, ஆன்டெனா பிடிக்கிற கிளாம்ப், உச்சியில் சிவப்பு விளக்கு நிற்கும் சின்னக் குழாய், இவை எதுவும் ஆள் பாரத்துக்குச் செய்தவை இல்லை.

இனி நான் மறக்க முடியாத ஒன்று. 2009-இல் கல்லலைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையோரம் 60 மீட்டர் டவர். என்னோடு ஏறிய நண்பர் சுமார் 35 மீட்டரில் கால் சறுக்கினார். கொக்கி பிடித்தது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள், 'தப்பிச்சான்' என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் டவரை விட்டு விலகித் தொங்கினார்; கைக்கு இரும்பு எட்டவில்லை. தொடை நாடா இறுகியிருக்க, காலில் இறங்கிய இரத்தம் திரும்பி மேலே வராது. அசையாமல் தொங்குகிறவருக்குச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரே போகலாம். இதை அன்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. மீட்புக் கயிறு சைட்டில் இல்லை. முதலில் சத்தமாகக் கூப்பிட்டவர், பத்து நிமிடத்தில் முனகினார். நான் கப்பிக்கு வைத்திருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு ஏறி, பாரம் கட்டித் தூக்குகிற நாடா (ஸ்லிங்) ஒன்றை வளையமாக்கி அவர் கால் வைத்து நிற்கும்படி கொடுத்தேன். அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று பிறகு மருத்துவர் சொன்னார். கீழே இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிழைத்தார். மறுபடி ஏறவில்லை. இப்போது புதுவயலில் கடை வைத்திருக்கிறார்.

அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இன்னும் கனவில் வரும். அதனால்தான் சொல்கிறேன்: விழாமல் பிடிக்கிற ஏற்பாடு பாதிதான், பிடித்த பிறகு இறக்குகிற ஏற்பாடு மீதிப் பாதி. தீயணைப்பு வண்டி வந்து இறக்கும் என்று நம்பக் கூடாது. நம் ஊர்ப் பக்கத்து நிலையங்களின் ஏணி 40 மீட்டருக்கு எட்டாது. கண்மாய்க் கரைக்கு வண்டி போய்ச் சேருவதே பெரும்பாடு. குழுவே குழுவை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தம்பியிடம் கேளுங்கள்: ஆளை இறக்குகிற கயிறும் கருவியும் உள்ள மீட்புப் பையை சைட்டுக்கு எடுத்துப் போகிறார்களா, அதை வைத்து இறக்கப் பழகியவர் இரண்டு பேராவது இருக்கிறார்களா, ஹார்னஸில் தொங்கினால் கால் ஊன்றுகிற நாடா இருக்கிறதா? ஒருவர் மட்டும் தனியாக ஏறுகிற பழக்கம் இருந்தால் அது மிகப் பெரிய தவறு. மேலே ஒருவர், கீழே ஏறத் தெரிந்த ஒருவர், இதுதான் குறைந்தபட்சம். இறக்கிய ஆளைப் படுக்க வைக்கக் கூடாது, உட்காரத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு பழைய பாடம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-இல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. மயங்கியவரை வழக்கம்போலப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா பார்த்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எங்கள் பக்கத்து டவர்களில் உயரத்துக்கு அடுத்தபடி நான் பயப்படுவது தேனீக்கும் கதண்டுக்கும். ஊரில் உயரமான மரமெல்லாம் குறையக் குறைய மலைத்தேனீ டவரில் கூடு கட்டுகிறது. மேல் பிளாட்ஃபாரத்துக்கு அடியில், மைக்ரோவேவ் தட்டின் நிழலில் கட்டும். கீழேயிருந்து பார்த்தால் ஏதோ கறுப்புத் துணி சிக்கியிருப்பதுபோல் இருக்கும். கதண்டு கேபிள் கட்டுக்குள் போய் இருக்கும். 30 மீட்டரில் நூறு தேனீ மொய்த்தால் எந்தத் தைரியசாலியும் கொக்கியை விட்டுவிட்டுத்தான் ஓடப் பார்ப்பான். ஏறுவதற்கு முன் டவரை நான்கு பக்கமும் சுற்றிவந்து, முடிந்தால் பைனாகுலரில், மேலிருந்து கீழ் வரை பார்க்க வேண்டும். கூடு தெரிந்தால் அன்றைக்கு ஏறுவது இல்லை. புகை போடுகிறேன், சாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். பழகியவர்கள் வந்து இரவில் எடுக்கட்டும். தம்பிக்கு முன்பு குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டென்றால், அதை மேற்பார்வையாளரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஒரே கொட்டு உயிரை எடுக்கலாம்.

கீழேயும் கவனம் வேண்டும். பாதி சைட்டுகள் சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே இருக்கின்றன. டவர் அடியில் கருவிகள் வைக்கிற அறையான ஷெல்டருக்குள் கேபிள் போகிற பள்ளத்தில், ஜெனரேட்டர் சூட்டுக்கு, கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் வந்து படுத்திருக்கும். கைவிளக்கு அடிக்காமல், தட்டாமல், மூடியைத் திறக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவதோ கீறிவிடுவதோ வேண்டாம். ஆளை நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காற்றையும் இடியையும் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தரையில் முகத்துக்கு இதமாக இருக்கிற காற்று 40 மீட்டரில் சட்டையைப் பிடித்து இழுக்கும். மணிக்கு 35, 40 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் ஏற்றத்தை நிறுத்த வேண்டும். ஆன்டெனா தூக்குகிற நாள் என்றால் அதற்கும் முன்னாலேயே நிறுத்த வேண்டும். அகலமான ஆன்டெனா காற்றில் பாய்மரம்போல ஆகிவிடும். அது டவரில் மோதாமல் இருக்கக் கீழேயிருந்து ஒரு வால் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கயிறு அவர் கையை விட்டுப் பறிபோகிற காற்றில் யாரும் மேலே இருக்கக் கூடாது. கானாடுகாத்தானில் ஒரு சைட். பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, காத்து இப்படிப் பேயா அடிக்குதே, நாளைக்குக் காலையில ஏறுனா என்ன?" என்று கேட்டார். எங்கள் மேலாளர் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். அன்று நாங்கள் ஏறவில்லை.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம்மேல் இறங்கலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மறுபடி ஏறக் கூடாது. ஆனால் இந்த விதி தரையில் இருப்பவருக்கு எழுதியது. 60 மீட்டர் உச்சியிலிருந்து கொக்கி மாற்றி மாற்றி இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அதனால் சித்திரை, வைகாசி மதியத்தில் மேகம் கறுத்துத் திரளும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். டவரில் இடிதாங்கி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது கருவிகளுக்குப் பாதுகாப்பு. அந்த மின்சாரம் இறங்குகிற இரும்பில்தான் நாம் நிற்கிறோம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி விட்டிருக்கிறது. பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். தம்பியின் போனில் ஏற்றிக் கொடுங்கள், கீழே நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கத்திரி வெயிலில் பத்து மணிக்கே இரும்பு கையைச் சுடும். காலை ஆறு மணிக்கு ஏறி வெயிலுக்கு முன் இறங்குகிற குழு நல்ல குழு. வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது. நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ கொடுத்து அனுப்புங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். இ.பி. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன ஆயிற்றோ என்று தவித்தார்கள். எங்களுக்கு மேலிடத்திலிருந்து விடாமல் அழைப்பு. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் டவரை உயிர்ப்பிக்க வேண்டும் என்ற தவிப்பு எங்களுக்கும் இருந்தது. அந்த மாதிரி நாளில்தான் ஆள் சாகிறான். புயலைத் தாங்கி நிற்கிற டவர் நேராக நிற்பதுபோலவே தெரியும். அடி போல்ட் ஒன்று இழுபட்டிருக்கும், நடுவில் ஒரு குறுக்கு ஆங்கிள் முறுக்கிக்கொண்டிருக்கும், ஈரக் கண்மாய் மண்ணில் அஸ்திவாரம் சற்றே இறங்கியிருக்கும். செத்துக் கிடக்கிறது என்று நினைத்த இ.பி. லைனில் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாக மின்சாரம் வரும். ஒரு சைட்டில் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்து டவர் சாய்ந்திருப்பதைக் கண்டு, ஏற மாட்டோம் என்று சொன்னேன். போனில் திட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் வந்து பார்த்து, அதை ஏறத் தகாத டவர் என்று எழுதிக் கொடுத்தார். அன்று எனக்கு 'முடியாது' என்று சொல்ல இடம் இருந்தது. 21 வயதில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், அந்த இடம் எனக்கு இருந்திருக்குமா? கூலி கேள்வியை முதலில் வைத்தது இதனால்தான்.

இதே நெருக்கடி சின்ன அளவில் வருடம் முழுக்க வரும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பும்போதும், பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேரின்போதும் கூட்டம் ஏற, டவர் திணறும். இரவு பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து "சைட் டவுன், உடனே போ" என்பார்கள். இருட்டில் ஏறுவது வழக்கமாகவே இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத நாளில் தலைவிளக்கு, கீழே ஆள், எழுத்தில் அனுமதி மூன்றும் வேண்டும்.

துருவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இரும்பு ஏன் அரிக்கிறது என்பதையே பெரிய துறையாக ஆராய்கிறது. கடற்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையமும் உண்டு. டவர் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும். தொண்டிப் பக்கம் போகப் போக உப்புக்காற்றில் அந்தப் பூச்சு சீக்கிரம் கரையும். உள்நாட்டில் துரு அடியில்தான் தொடங்கும்: தண்ணீர் தேங்குகிற கால் பிளேட், மண் மூடிய போல்ட். அதைவிட மோசம் திருட்டு. பழைய இரும்புக்காகக் கீழ்மட்டக் குறுக்கு ஆங்கிளையே கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஏறும் முன் நான்கு காலையும் சுற்றிவந்து, போல்ட் எல்லாம் இருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மேலே வேலை நடக்கும்போது அடியில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பலர் உணர்வதில்லை. 40 மீட்டரிலிருந்து நழுவிய ஸ்பேனர் மூன்று விநாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஹெல்மெட் அதற்குத் தாங்காது. கருவி ஒவ்வொன்றும் கையிலோ பையிலோ கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் ஆடு மேய்க்கிறவர்களையும் தள்ளி நிறுத்த வேண்டும். சாமான் தூக்கும் கயிற்றையும் பார்க்க வேண்டும்: மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு ஒரு கோடையில் வெளுத்து நொறுங்கும். 2022 அக்டோபரில் 5ஜி வந்ததிலிருந்து தூக்குகிற ஆன்டெனாக்கள் கனத்துவிட்டன. ஒன்றே 30, 40 கிலோ வரை வரும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஐ.டி.ஐ. படித்த தம்பிக்கு இது ஓரளவு தெரியும். பல டவர்களில் உச்சியில் உள்ள சிவப்பு விளக்குக்கு 230 வோல்ட் ஒயர் டவர் வழியாகத்தான் போகிறது. அதன் தோல் உரசி இரும்பைத் தொட்டால் டவரே கரண்ட் அடிக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. பேட்டரி வெறும் 48 வோல்ட்தான் என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது உருகித் தெறிக்கும். மோதிரம், கைச்சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஜெனரேட்டர் சுவிட்ச் 'ஆட்டோ' நிலையில் இருந்தால் தானாக ஸ்டார்ட் ஆகும், அதை நிறுத்திப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பக்கத்தில் ஹெச்.டி. லைன் (உயரழுத்த மின்கம்பி) போகிற சைட்டில் கயிறும் குழாயும் அதன் பக்கம் சாயவே கூடாது.

கதிர்வீச்சைப் பற்றி அம்மாக்கள் எல்லோரும் கேட்பார்கள். பொதுமக்கள் இருக்கும் இடத்துக்கான வரம்பை இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. டவருக்குக் கீழே வீடு இருப்பவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்தில் நிற்பவர் கதை வேறு. அங்கே அலை உடம்பைச் சூடாக்கும், கண்ணுக்குக் கெடுதல். பின்பக்கமாக ஏற வேண்டும். முன்பக்கம் வேலை என்றால் அந்தத் திசை ஆன்டெனாவை, எங்கள் பேச்சில் அந்தச் செக்டாரை, அணைத்துவிட்டதாக உறுதி வாங்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஒரே டவரில் இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆன்டெனா இருக்கும். ஒரு நிறுவனம் தன்னுடையதை அணைத்தால் மற்றவர்களுடையது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆன்டெனா ஓசை எழுப்பாது, ஒளிராது, ஆகையால் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை நம்ப வேண்டும்.

மாடி டவரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் செட்டிநாட்டில் அதற்குத் தனி ஆபத்து உண்டு. பழைய வீடுகளின் தளம் பர்மா தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்டது. மேலே நாட்டு ஓட்டுச் சரிவு. நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம். கேபிள் இழுக்கவோ பக்கத்துக் கட்டடத்துக்குத் தாண்டவோ ஓட்டில் கால் வைத்தால் நேராக வளவுக் கல்தரையில் விழ வேண்டியதுதான். ஓட்டின்மேல் நடக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லாத மொட்டைமாடிகளில், ஆறு மீட்டர்தானே என்று ஹார்னஸ் போடாமல் வேலை செய்கிறார்கள். ஆறு மீட்டரில் ஆள் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விழித்து வேலை செய்துவிட்டு, விடியற்காலையில் திருச்சி–இராமேசுவரம் சாலையில் பைக்கில் திரும்புவது டவரைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. இரவு வேலைக்கு வண்டி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

இனி காகிதங்கள். உயர வேலைக்கான பயிற்சிச் சான்றிதழைக் கான்ட்ராக்டர் தன் செலவில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள் வகுப்பில் உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்த சான்றிதழா, உண்மையில் ஏறி, தொங்கி, மீட்டுப் பழகிய பயிற்சியா என்று தம்பியைக் கேட்டால் தெரிந்துவிடும். மருத்துவப் பரிசோதனையில் வலிப்பு, இரத்த அழுத்தம், தலைசுற்றல், கண் பார்வை பார்த்திருக்க வேண்டும். இருப்பதை மறைக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். அதை வாங்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் கேளுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், கையில் வேண்டாம். சப்-கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தாலும், விபத்து நேர்ந்தால் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்துக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு. ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் உங்கள் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தேதி, டவர், ஏறுகிறவர் பெயர் போட்டு அனுமதிச் சீட்டு ஒன்று எழுதுவார்கள். அதைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏறியபின் கையெழுத்து வாங்குகிற சைட் என்றால் அதுவும் அந்தப் படத்தின் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

கான்ட்ராக்டரை நேரில் போய்ப் பார்க்கத் தயங்காதீர்கள். "என் தம்பி காத்தடிக்குதுன்னு இறங்கிட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நல்ல ஆள் கோபப்பட மாட்டார், முன்னால் எப்போது யாரை இறக்கினார் என்று சொல்லத் தொடங்குவார்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தம்பி வேலைக்குப் போன பின், சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட அவர் போனுக்குக் கூப்பிட வேண்டாம். சட்டைப் பையில் போன் அதிரும்போது கை தானாகக் கொக்கியை விட்டுப் போகும், எனக்கே போயிருக்கிறது. போனைக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். தரையில் கால் வைத்து, ஹார்னஸைக் கழற்றி, தண்ணீர் குடித்த பிறகு அவரே வீட்டுக்குக் கூப்பிடட்டும்.